குலுங்காத கவசம்

அந்த எட்டரை அடி உயரக் கவசத்தைச் செய்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய அன்றைக்கு, சொல்ல வேண்டிய ஆளிடம் நான் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில், பேக்கிங் செக்‌ஷனில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். 2009-ஆம் வருஷத் தொடக்கம். வெளிநாட்டு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அமெரிக்காவில் ஏதோ வங்கி கவிழ்ந்ததற்கு எங்கள் கேட்டில் ஆள் குறைத்தார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கான்ட்ராக்டரின் ஆள் தோளில் கை வைத்தால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் கை என் பக்கம் வந்துவிடக் கூடாதென்று கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவேன். இதற்கு நடுவே இன்னொரு பேச்சும் ஓடியது. பழைய ஆட்களில் இரண்டொருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், மார்ச் முடிவதற்குள் பட்டியல் வந்துவிடும் என்று.

எனக்கு அந்தப் பட்டியலில் பெயர் வந்தே ஆக வேண்டும். காரணம் என் வாய். மனைவிக்கு வளைகாப்பு பொதட்டூர்பேட்டையில், அவள் அப்பா வீட்டில் நடந்தது. பந்தியில் நாலு பேர் முன்னால் மாமனார், “கான்ட்ராக்ட் வேலையெல்லாம் ஒரு வேலையா மாப்ளே?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். “பர்மனென்ட் ஆர்டர் கையில இல்லாம இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். என் பொண்டாட்டியும் இங்க வரமாட்டா” என்று கத்தினேன். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியவளை, கை நிறைய வளையலோடு அன்று சாயங்காலமே பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன்.

மார்ச்சில் அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. லைன் வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடந்தாள். வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தண்ணீர்க் குடம் தூக்கும்போது வளையல் சத்தம் கேட்கும். போய் மாமனார் காலில் விழுந்துவிடலாம் என்று பல தடவை நினைத்ததுண்டு. விழவில்லை. அவ்வளவு வீம்பு.

அப்போதுதான் பாதுகாப்பு வாரம் வந்தது. ஒவ்வொரு செக்‌ஷனும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நைனா, புது பிளான்ட் மேனேஜர் வர்றாரு. லிஸ்ட்ல கையெழுத்து போடப் போறவரு அவருதான். நம்ம செக்‌ஷன்ல உன் மூஞ்சி அவருக்குத் தெரியணும். எதுனா பெருசா பண்ணு.”

பெரிதாக என்றதும் எனக்கு உயரம்தான் தோன்றியது. தலைக்கவசம், மார்க்கவசம், கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்ட ராட்சச வீரன் ஒருவனை ஃபோமில் செய்து, உள்ளே ஆளை நிற்கவைத்துக் காட்டுவதாகச் சொன்னேன். பாதுகாப்பு வீரன் என்று பெயரும் வைத்தாயிற்று. உள்ளே நிற்க ஒரே ஆள்தான் பொருத்தம். எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் ஆரணிக்காரன் என்று கூப்பிட்ட என் நண்பன். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து வருபவன். ஆறடிக்கு மேல் உயரம். நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனும் கான்ட்ராக்ட்தான், அந்தக் கைக்கு அவனும் பயந்தவன்தான்.

“எனுக்கு இன்னா மச்சி, ஒண்டிக்கட்ட. உனுக்குத்தான் பேஜாரு. நான் நிக்கறேன், நீ கட்டு” என்றான்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் ஸ்கிராப் கொட்டகையில் வேலையை ஆரம்பிப்போம். எக்ஸ்போர்ட் பெட்டிகளில் மிச்சமான சாம்பல் நிற ஃபோம் ஷீட்டுகள் மலைபோல் கிடந்தன. ஹீட் கன்னால் சூடு காட்டினால் ஷீட் இளகும். அப்படியே வளைத்துப் பிடித்துக்கொண்டு ஆறவிட்டால் வளைந்தபடி நின்றுவிடும். மார்பும் முதுகும் தோளும் அப்படித்தான் வந்தன. உள்ளே எலும்பாகப் பிவிசி பைப். ஆரணிக்காரனின் தலை வீரனின் நெஞ்சுக்குள் இருக்கும். அவன் பார்ப்பதற்கு நெஞ்சில் ஒரு கீறல், அதன்மேல் கறுப்பு வலைத்துணி. வீரனின் தலையைத் தெர்மாகோலில் அழகாகச் செதுக்கியிருந்தேன். ஒட்டுகிற அவசரத்தில் ரப்பர் சொல்யூஷனைத் தடவிவிட்டேன். தெர்மாகோல் அதில் கரைந்துவிடும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூக்கும் கன்னமும் கண்ணெதிரே உள்ளே போய், வீரன் கிழவனாகிவிட்டான். ஆரணிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் அந்தத் தலையைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, பேசாமல் புது ஷீட் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டான்.

பேக்கிங்கில் எங்களுக்கு ஒரே பாடம். பெட்டிக்குள் பொருள் அசையக் கூடாது. அசைந்தால் கப்பலில் உடைந்து, ரிஜெக்ட் என்று திரும்பி வரும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் இரண்டு பேர் பிடித்துக் குலுக்கிப் பார்ப்போம். ஏதாவது ஆடினால் அந்த இடத்தில் ஃபோம் துண்டைச் சொருகுவோம். நாலு வருஷம் அதையே செய்த கை என்னுடையது. ஆரணிக்காரனைக் கவசத்துக்குள் நிறுத்தி, இடுப்பில், அக்குளில், விலாவில் எங்கெல்லாம் இடைவெளி தெரிந்ததோ அங்கெல்லாம் துண்டு வைத்து அடைத்தேன். பிறகு சூப்பர்வைசரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். கொஞ்சமும் ஆடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“மச்சி, கை தூக்க முடில டா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தூக்க வேணாம். நின்னா போதும்.”

“மூச்சு இழுத்தா நெஞ்சு இடிக்குது.”

“கொஞ்சமா இழு” என்றேன். அவன் சிரித்தான். கையை வீசக்கூட இடமில்லை, விரல் மட்டும் மடங்கும் என்பதால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முடியவில்லை என்றால் உள்ளேயிருந்து இரண்டு முறை தட்டுவான், உடனே நான் கழற்றிவிடுவேன்.

விழா அன்று காலை பத்து மணிக்கு மேனேஜர் வருவதாக இருந்தது. ஒன்பதரைக்கு அவனை உள்ளே ஏற்றினேன். முதுகில் ஒட்டியிருந்த வெல்க்ரோ பட்டை இரண்டு தடவை பிய்த்துக்கொண்டது. மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டிக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பை எடுத்து மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிச் சுற்றி, கிளிப் வைத்து நசுக்கிவிட்டேன். பேக்கிங்காரன் ஸ்ட்ராப் போடாமல் எதையும் மூடமாட்டான். காற்று பலமாக வீசியது. வீரன் சாய்ந்துவிடாமல் இருக்க, இன்னொரு ஸ்ட்ராப்பால் அவனைக் கேன்டீன் தூணோடு சேர்த்துக் கட்டினேன். அந்த ஸ்ட்ராப்பை அறுக்கக் கட்டர் வேண்டும். அன்றைக்கு மேனேஜர் கண்ணில் எந்தக் கூர்மையான பொருளும் படக் கூடாதென்று, சேஃப்டி ஆபீசர் காலையிலேயே எல்லார் கட்டரையும் வாங்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டியிருந்தார். என் கட்டரையும் நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து மணி ஆயிற்று, மேனேஜர் வரவில்லை. மெயின் ரோட்டில் லாரிகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்றார்கள். பத்தரை ஆயிற்று. கேன்டீன் முன்னால் நிழலே இல்லை. வெயில் நேராக வீரன் மேல் விழுந்தது. ஃபோம் மேல் அடித்திருந்த வெள்ளி நிறப் பெயின்ட் தொட்டால் சுட்டது.

தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு முறை.

நான் வலைத்துணியில் வாயை வைத்து, “ரெண்டே நிமிஷம் டா. வண்டி கேட்டுக்குள்ள வந்துடுச்சி” என்றேன். எந்த வண்டியும் வரவில்லை. அது முழுப் பொய்.

உள்ளேயிருந்து “சரி” என்று வந்தது. குரல் தொலைவிலிருந்து வந்ததுபோல இருந்தது.

பத்து நிமிஷம் போயிருக்கும். மறுபடி தட்டினான். இந்தத் தடவை மெதுவாக. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நேரம் பிடித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நன்றாகக் கேட்டது. இப்போது கழற்றினால் மறுபடி கட்ட நேரமிருக்காது, மேனேஜர் வரும்போது இங்கே வெறும் ஃபோம் குப்பைதான் கிடக்கும், என் பெயர் பட்டியலில் வராது, அவள் அந்த லைன் வீட்டில் தனியாகப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் ஓடியது. நான் கேட் பக்கம் பார்த்துக்கொண்டு, கேட்காதவன் மாதிரி நின்றேன். அதற்கப்புறம் அவன் தட்டவில்லை. பொறுத்துக்கொள்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு வண்டி வந்தது. மேனேஜர் மற்ற செக்‌ஷன்களின் போஸ்டர்களைப் பார்த்துவிட்டு வீரன் முன்னால் வந்து அண்ணாந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. “யார் செஞ்சது?” என்றார். சூப்பர்வைசர் என்னை முன்னால் தள்ளினார். மேனேஜர் என் தோளில் கை போட்டார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் எனக்கு அப்படியொரு சிரிப்பு.

“வீரன் வணக்கம் சொல்ல மாட்டாரா?” என்று கேட்டார்.

“அசைய மாட்டார் சார். பேக்கிங் அப்படி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மேனேஜர் விளையாட்டாக விரலை மடக்கி வீரனின் மார்பில் இரண்டு முறை தட்டினார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வலைத்துணியைப் பிய்த்துப் பார்த்தேன். அவன் தலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. விழுவதற்கும் அவனுக்கு இடம் வைக்கவில்லை நான். நினைவு தப்பி எவ்வளவு நேரம் அப்படியே நின்றானோ.

கட்டர் கட்டர் என்று கத்தினேன். ஸ்டோர் சாவி யாரிடம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்ட்ராப்பைப் பல்லால் கடித்தேன். அது அறுபடவில்லை, என் ஈறுதான் கிழிந்தது. கேன்டீன் அக்கா காய் நறுக்குகிற கத்தியோடு ஓடிவந்து, “தள்ளு” என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டு அறுத்தாள். கவசத்தைப் பிளந்தபோது அவன் சட்டையிலிருந்து வேர்வை தரையில் சொட்டியது. உதடு வெளுத்துக் கிடந்தது. செத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

சாகவில்லை. முதலுதவி அறையில் தண்ணீர் தெளித்து, விசிறி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டான். மேனேஜர் கட்டில் பக்கத்தில் நின்று, இப்படி ஸ்ட்ராப் போட்டுக் கட்டியது யார் என்று கேட்டார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பந்தியில் நாலு பேர் முன்னால் கத்திய அதே வாய்.

ஆரணிக்காரன் என்னைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்து, “நான்தான் சார் டைட்டா கட்டச் சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அந்தக் கை அவன் தோளில் விழுந்தது. விதிகளை மீறித் தன் உயிருக்கே ஆபத்து தேடிக்கொண்டவனை வைத்திருக்க முடியாது என்று சொன்னார்களாம். அவன் கேட் பாஸைக் கொடுத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மார்ச் கடைசி வாரத்தில் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. ஆர்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். மாமனார் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். ஆர்டரைக் காட்டு என்று கேட்கக்கூட இல்லை. மகளைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அந்த மனிதருக்கு மகள் வந்தால் போதுமாக இருந்திருக்கிறது.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்பு வாங்கிக்கொண்டு ஆரணிக்குப் போனேன். போகாமல் இருக்க ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அவன் நெல் மண்டி ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஓடிவந்து கட்டிக்கொண்டான். குழந்தை யார் ஜாடை, அம்மாவும் பாப்பாவும் நல்லா கீறாங்களா என்று கேட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். பாதி டீ குடித்ததும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“மச்சி, ரெண்டாவது தபா தட்னேனே. உனுக்குக் கேக்கலையா?”

சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

“கேக்கல டா” என்றேன்.

“அதான பார்த்தேன். கேட்டிருந்தா நீ என்ன அப்டியே உட்டுருவியா” என்றான். முகம் தெளிந்துவிட்டது. இத்தனை மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். “ஃபோம் அவ்ளோ கெட்டியா வெச்சிருந்த நீ” என்று சிரித்தான்.

ஆமாம் என்றேன். அவன் எனக்கு இன்னொரு டீ சொன்னான். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.