லுணுகலைப் பாதையில் ஒரு முடக்கு

சூடேறிய பிரேக்கின் கருகல் நாற்றம் முதலில் வரும். பஸ் அதற்குப் பின்னால்தான் வரும். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, வரிசையாகக் காம்பரா அறைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்கு, நேர் கீழே, பாதை மடித்த முழங்கையைப் போல வளைந்து திரும்பிய இடத்தை நாங்கள் "முடக்கு" என்போம். பதுளையிலிருந்து பசறைக்கு ஏறி, லுணுகலையைத் தாண்டி பிபிலைக்கு இறங்கி, செங்கலடியில் போய் முடியும் பெருந்தெருவின் ஒரு துண்டு அது. வரைபடத்தில் அதற்கு ஏ ஐந்து என்று எண் உண்டு. கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டியில் கொண்டுபோக வெட்டிய பாதை என்றும், மாடு மூச்சு வாங்காமல் ஏறுவதற்காகவே அத்தனை வளைவுகள் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

முடக்கில் எந்த பஸ்ஸும் ஒரே தடவையில் திரும்பியதில்லை. கொஞ்சம் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அந்த அரை நிமிடத்துக்குள் எங்கள் தோட்டத்து ஆட்கள் ஏறி இறங்கிவிடுவார்கள். பஸ் நிறுத்தம் என்று பலகையோ பெயரோ இல்லாத அந்த இடத்தில் ஆட்கள் ஏறுவது கண்டக்டருக்குப் பிடிக்காது.

"இது என்னா ஹோல்ட்டா, ஒங்க வூட்டு வாசலா?" என்று கத்துவார்.

"வாசல்தான் தம்பி. நீங்கதான் வண்டிய குறுக்க விட்டுக்கிட்டு நிக்கிறீங்க" என்பார் கூடையோடு ஏறும் பக்கத்துக் காம்பரா ராமாயி அத்தை. பஸ் முழுவதும் சிரிக்கும்.

அக்கா சரஸ்வதி அந்த முடக்கில் ஏறித்தான் பசறைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தோட்டத்துப் பள்ளியோடு நின்றுவிடாமல் வெளியே படிக்கப் போன முதல் பெண் எங்கள் லயத்தில் அவள்தான். மழைக்காலத்தில் முடக்கில் மண் சரிந்து பாதை மூடிக்கொள்ளும், பஸ் வராது, வாரக்கணக்கில் பாடம் போய்விடும். அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பாதையை வெட்டி அகலமாக்கித் தரும்படி பதுளை அரசாங்கக் கந்தோருக்கு மனுப் போட அப்பா ஆட்களைக் கூட்டினார். கையெழுத்து நன்றாக இருந்ததால் எழுதும் வேலை பன்னிரண்டு வயதான என்னிடம் வந்தது.

எழுதி முடிக்கும் நேரத்தில் அக்கா, "ஏ சின்னவளே, அப்புடியே அந்த எடத்துல ஒரு ஹோல்ட்டும் கேட்டு எழுதிரு. ரோட்டு நேரானா பஸ்ஸு எதுக்கு நிக்கப்போகுது?" என்றாள்.

"நிக்கிற பஸ்ஸ நிக்கச் சொல்லி எழுதுவாங்களா?" என்று அப்பா சிரித்தார். "சரி, புள்ள கேக்குது, எழுதிரு."

தாள் நிரம்பியிருந்தது. அடியில் மிச்சமிருந்த இடம் கையெழுத்துகளுக்கும் கைநாட்டுகளுக்கும். அந்த வரியைச் சேர்க்க வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். ஓர் அடித்தல்கூட இல்லாத அந்தப் பக்கத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. "எழுதிட்டியா?" என்று அக்கா கேட்டபோது, "எழுதிட்டேன்" என்றேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அக்கா பார்ப்பதற்குள் மனு லயம் லயமாகக் கையெழுத்துக்குப் போய்விட்டது.

மறுவருடம் இயந்திரங்கள் வந்தன. மனுவால்தான் வந்தனவா என்பது எனக்கு இன்றும் தெரியாது. லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். மேட்டை வெட்டி, முடக்கைக் கீழே ஒதுக்கிவிட்டு, பாதையை நேராக இழுத்தார்கள். புதுப் பாதை திறந்த காலையில் அக்கா கை நீட்டினாள். வந்த வேகத்தில் பஸ் தாண்டிப் போனது. "இங்க ஹோல்ட் இல்லம்மா!" என்று கண்டக்டர் மிதிபலகையிலிருந்து கத்தினார். ராமாயி அத்தை பதில் சொல்வதற்குள் பஸ் மறைந்துவிட்டது.

அடுத்த ஹோல்ட் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தள்ளி இருந்தது. இருட்டோடு புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் "பெரட்டு"க்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போயாக வேண்டும், துணைக்கு ஆளில்லை. ஒரு தவணை முழுவதும் அக்கா தனியாக நடந்தாள். இன்னொரு மனு எழுதலாம் என்று அப்பா சொன்னபோது அவளே தடுத்தாள்.

"அதான் எழுதிக் கேட்டாச்சேப்பா. குடுக்கலன்னா விட்டிருங்க. திரும்பத் திரும்பக் கேட்டா, குடுத்த ரோட்டையும் கொற சொல்றோம்னு நெனைப்பாங்க."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அக்கா படிப்பை விட்டு, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். நான் தோட்டத்துப் பள்ளியை முடித்தபோது லயத்தடிக்கே வேன் வந்துவிட்டது; அதில் போய்ப் படித்தேன். பிறகு பத்திரிகையில் சேர்ந்தேன். மற்றவர்கள் எழுதியதில் எந்த வரியை வெட்டலாம் என்று பார்ப்பதே பல வருடம் என் தொழிலாக இருந்தது.

போன மாதம் லுணுகலையில் ஒரு கல்யாணத்துக்கு அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். பாதை இப்போது தார்க் கார்பட் போட்டு வழுவழுப்பாக இருக்கிறது. முடக்கு இருந்த இடத்தில் மானாப்புல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு பாதை இருந்ததற்கு அடையாளமே இல்லை. ராமாயி அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்த இடம் வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் அக்கா கை காட்டினாள்.

"இங்கதாம்மா நாங்க ஏறுவோம். ஹோல்ட் கேட்டு மனுகூடப் போட்டோம். குடுக்கல."

பிள்ளை அடுத்த ஹோல்ட்டில் இறங்கிய பிறகு அக்காவிடம் சொன்னேன். நான் அதை எழுதவே இல்லை என்றேன். தாளில் இடம் இல்லாமல் போனதையும் சொன்னேன்.

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தன வரி வந்திருக்கும்?"

"ஒரு வரிக்கா."

லுணுகலையில் இறங்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.