புழுங்கல் அரிசிக்கு முருகன் என்று பேர் வைத்தேன்

திங்கட்கிழமைத் தபாலில் கிள்ளானிலிருந்து ஒரு கடிதம். பாராட்டுக் கடிதம்தான். படித்து முடித்ததும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

'தங்கள் பெரிபெரி கட்டுரை அபாரம்! முருகன் காக்கும்போது எந்த அரிசியானால் என்ன? புழுங்கலை விட்டு வெள்ளை அரிசிக்கு மாறி ஒரு மாதமாகிறது. குழந்தைகள் மூன்று பேருக்கும் அதுதான்.'

கீழே 'கிள்ளான் அன்பன்' என்று கையெழுத்து. விலாசம் இல்லை. அட கடவுளே, இவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

என்ன கட்டுரை என்கிறீர்களா? ஐந்து மாதத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியதுதான். கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சடைத்து ஆளைக் கொல்லும் பெரிபெரி, சீனத் தொழிலாளிகளை வாரிக்கொண்டு போகிறது. நம் தமிழ்க் கூலிக்காரர் குடியிருக்கும் ரயில்வே லயன்களில் ஒருவருக்கும் இல்லை. ஏன்? டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது! 'பத்துமலை முருகன் நம் பக்கம்' என்று வெளுத்து வாங்கினேன்...

அந்த மாதம்தான் எனக்கு ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, உத்தியோகம் கிடைத்தது. பெரிய கிராணி வீட்டில் கூலிக்காரர் சாப்பிடும் புழுங்கல் சோறா? உலை கொதித்தால் வாடை அடுத்த வீடு வரை போகிறதே! சயாம் வெள்ளை அரிசி மூட்டை வந்து இறங்கியது. மல்லிகைப்பூச் சோறு. நான் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் மெஸ்ஸில் புழுங்கல் சோறு சாப்பிடுகிறவன். வீட்டில் என் மனைவி மரகதத்துக்கு மூன்று வேளையும் வெள்ளைதான்.

இரண்டு மாதம் கழித்து அவள் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பெரிபெரியா? சேச்சே, நமக்கு வராதே! நான்தானே எழுதியிருக்கிறேன்? தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மறந்திருந்தேன். அதுதான் முருகன் கோபம் என்று முடிவு கட்டினேன். ஒரு மண்டலம் விரதம் இருக்கச் சொன்னேன். புழுங்கல் ஏற்கெனவே வெந்த அரிசி, விரதத்துக்கு ஆகாது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதே வெள்ளைப் பச்சரிசிச் சோறும் மோரும் மட்டும். பருப்புகூடக் கிடையாது.

நாற்பதாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர் சவரிமுத்துவை ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் காலை அழுத்திப் பார்த்தார். பிறகு நேரே சமையற்கட்டுக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்தார்.

"கிராணியாரே, இந்த அரிசியை எப்போலேர்ந்து திங்கிறீங்க?"

சொன்னேன்.

"போதும். இன்னிக்கே புழுங்கலுக்கு மாறுங்க. பச்சைப்பயறு வேகவச்சுக் குடுங்க."

"அரிசியாலயா நோய் வரும்? எப்படி?"

"எனக்குத் தெரியாது. பெரிய டாக்டருங்களே கிருமியா, அரிசியான்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க. புழுங்கல் திங்கிறவன் எங்க வார்டுக்கு வந்து நான் பார்த்ததில்ல. அவ்வளவுதான்."

"அப்போ முருகன்...?"

"நானும் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன்தான். தெரியாததுக்கெல்லாம் சாமி பேரை வச்சுட்டா அப்புறம் யாரு பானையைத் திறந்து பாக்கிறது?"

லயன்களில் எல்லோரும் சாப்பிடுவது புழுங்கல்தானே! நோய்க்கு மேல் நோயை, பக்தியோடு, என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்!

மூன்று வாரமாகப் புழுங்கல் கஞ்சி, பச்சைப்பயறு. நேற்று மரகதம் வாசல்வரை தானே நடந்து வந்தாள். இந்த மூன்று வாரமும் நான் இதைப் பற்றி எழுதவில்லை. வெட்கம். பத்திரிகையில் வீறாப்பாக எழுதியவன் வீட்டிலேயே பெரிபெரி என்றால் ஊர் சிரிக்காதா?

கிள்ளான் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னங்க, அரிசியை மாத்துனது நீங்க. பழி முருகனுக்கு. இப்போ மூணு புள்ளைங்க... உங்க மானம் பெருசா? உடனே எழுதுங்க."

கிள்ளான் அன்பரே, விலாசம் தெரியாததால் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். முருகனை வழக்கம்போல் கும்பிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், தயவுசெய்து... உலையில் இருக்கும் அரிசியைக் கொட்டிவிடுங்கள்.