இன்னும் வராதவர்

செத்தவர்களுக்குச் சிவப்பு, வெளிநாடு போனவர்களுக்கு நீலம், கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போனவர்களுக்குப் பச்சை. மூன்று பென்சிலையும் கூராகச் சீவிக்கொண்டு, தேர்தலுக்கு மூன்று கிழமைக்கு முன்பே நான் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய்வரத் தொடங்கிவிட்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம். எங்கள் வேட்பாளருக்கு வாக்குச்சாவடி முகவராக உட்கார என்னைக் கேட்டபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அந்த நாட்களில் வாக்குப் போட அடையாள அட்டை கட்டாயமில்லை. தபாலில் வரும் வாக்காளர் அட்டையைக் கொண்டுபோனால் எழுதுநர் பெயரைச் சத்தமாக வாசிப்பார். மேசைக்குப் பின்னால் இருக்கிற முகவர்கள் ஒருவரும் மறுக்காவிட்டால் வந்தவர்தான் அந்த ஆள். செத்தவர்களின் பெயரில் யாரும் வாக்குப் போட்டுவிடக்கூடாது என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. வீடு வீடாகப் போய் வாக்காளர் இடாப்பிலுள்ள ஒவ்வொரு பெயரையும் விசாரித்தேன்.

கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடு. முற்றத்தில் ஒரு பெண் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புருஷன் எங்கே என்று கேட்டேன்.

"கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை" என்றாள்.

பின்னேரம் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேதான் சொன்னார்கள். அவர் கடலுக்குப் போய் எட்டு மாதமாகிறதாம். வள்ளத்தின் ஒரு பலகை மட்டும் புல்மோட்டைப் பக்கம் கரையொதுங்கியதாம். அவள் செத்தவர்களுக்குச் செய்கிற எட்டுச் செலவும் செய்யவில்லை, முப்பத்தொன்றும் செய்யவில்லை, தாலியைக் கழற்றவுமில்லை. உடல் கிடைக்காததால் மரண அத்தாட்சிப் பத்திரமும் இல்லை. அந்த வீட்டு வாசலில் நின்றபடியே சிவப்புப் பென்சிலை எடுத்து அவருடைய பெயருக்கு மேலே கோடு இழுத்தேன். அடிமட்டம் வைத்து, நேராக.

தேர்தலன்று வாக்குச்சாவடி கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். காலையிலேயே நான் மூன்று பேரை மறுத்துவிட்டேன். மூன்று பேரும் சரியான ஆட்கள்தான் என்று தெரியவந்தது. எனக்குப் பக்கத்தில் மற்ற வேட்பாளரின் முகவராக இருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். "தங்கச்சி இண்டைக்கு மேசை கதிரையைத்தான் இன்னும் மறுக்கேல்லை" என்று மெதுவாகச் சொன்னார். எழுதுநர்கூடச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஒரு உண்மையான கள்ள வாக்கைப் பிடித்துக் காட்டவேண்டும் என்று உள்ளே ஒரு அவசரம்.

பத்து மணியிருக்கும். ஒல்லியான ஓர் இளைஞன் அட்டையை நீட்டினான். எழுதுநர் பெயரை வாசித்தார். என் இடாப்பில் அந்தப் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு.

நான் எழும்பிவிட்டேன். "இந்த ஆள் செத்துப்போனவர். கடலிலை போய் எட்டு மாசம்."

சத்தம் கூடிப்போய்விட்டது. யன்னலுக்கு வெளியே பெண்களின் வரிசையில் நடந்துகொண்டிருந்த கதை சட்டென்று நின்றது. அந்த அமைதிக்குள்ளேதான் வரிசையில் நாலாவதாக நின்ற குங்குமப் பொட்டைக் கண்டேன். எட்டு மாதமாக அந்த ஊரில் ஒருவரும் அவள் முன்னால் சொல்லாத சொல்லை நான் சொல்லிவிட்டேன்.

தலைமை அலுவலர் தம்பலகாமத்துக்காரர், அவசரப்படாத மனிதர். முகவர் மறுத்தால், வந்தவர் தான் இன்னார்தான் என்று ஒரு கடதாசியில் கையெழுத்திட வேண்டும், பொய்யென்றால் மறியலில் அடைப்பார்கள் என்று இளைஞனுக்கு விளங்கப்படுத்தி, பேனையையும் கொடுத்தார். அவன் பேனையை வாங்கினான். கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனையை வைத்துவிட்டான்.

"நான் அவரில்லை ஐயா. அவரின்ரை தம்பி. வாக்குப் போடாட்டிப் பேரை வெட்டிப்போடுவினம் எண்டு ஊரிலை கதை. பேரை வெட்டினால் அண்ணன் இல்லையெண்டு ஆயிடுமெண்டு அண்ணிக்குப் பயம். அதுதான் அனுப்பினவ."

வாசலில் பொலிஸ்காரர் நின்றார். அலுவலர் அவர் பக்கம் திரும்பவில்லை. அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். போய் உன்னுடைய அட்டையைக் கொண்டுவா என்று மட்டும் சொன்னார். கண்டக்டர் தன் இடாப்பைப் பார்த்தபடி இருந்தார். அவர் என்னைப் பகிடி பண்ணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு அவள் வந்தாள். அவளுடைய பெயர் புருஷனின் பெயருக்கு நேர் கீழே. எழுதுநர் வாசித்தார், நான் வாய் திறக்கவில்லை. வாக்குப் போட வந்தவர்களின் பெயரை எழுதுநர் தன் இடாப்பில் கோடு போட்டு வெட்டுவது வழக்கம். அவள் பெயரை வெட்டும்போது எட்டிப் பார்த்து அலுவலரிடம் கேட்டாள்.

"மேலை இருக்கிறவருக்கும் கோடு போட்டிட்டீங்களோ ஐயா?"

"இல்லை அம்மா" என்றார் அலுவலர். "அவர் இன்னும் வரேல்லை."

அவள் தலையாட்டினாள். விரலில் மை பூச நின்றபோது, அவளுடைய கண் என் மேசைக்கு வந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் எந்தக் கோடு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"பிள்ளையின்ரை தாளிலை மட்டும் போட்டிருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அழிறப்பரால் தேய்த்தேன். சிவப்புப் பென்சில் அழியாது, இழுபடும். பெயர் முழுவதும் இளஞ்சிவப்பாகி, தாள் மெலிந்து போனது. பின்னேரம் சாவடி மூடும்வரை வாசலில் ஒவ்வொரு நிழல் விழும்போதும் நான் தலையை நிமிர்த்தினேன். அலுவலரின் அந்த ஒரு வசனம்தான் காரணம். வரிசை முடிந்து, வாசல் வெறுமையாகி, கடல் இரைச்சல் மட்டும் வகுப்பறைக்குள் வந்துகொண்டிருந்தபோது, அவளுடைய புருஷன் ஈரக் காலோடு வந்து தன் பெயரைச் சொன்னால் நான் என்ன சொல்லி மறுப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் ஈரக் கால்தடத்தை எங்கே கண்டாலும் அந்த யோசனை வருகிறது.

அடுத்த வருடம் இடாப்புத் திருத்தத்துக்குப் படிவம் கொடுத்த நாட்களில் அவள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கொழுந்தன் புல்மோட்டைக்கு மணல் வேலைக்குப் போய்விட்டானாம். படிவத்தை நிரப்ப ஆளில்லை. வேறு யாரிடமும் கேட்க ஏலாது, இவதான் பேரையெல்லாம் வடிவாகப் பார்க்கிற பிள்ளை என்று அம்மாவிடம் சொன்னாள்.

பொய்யான விபரம் கொடுப்பது குற்றம் என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. அதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. பேனையைத் திறந்து, முதலில் அவளுடைய பெயரை எழுதப் போனேன்.

"முதலாவதா அவர், பிள்ளை" என்றாள்.

எழுதினேன். தொழில் என்ற இடத்தில் கடற்றொழில் என்றும் எழுதினேன். அவள் பெருவிரலை மையில் தொட்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள்.