இலோனா வாசித்த சனிக்கிழமைகள்

போன கிழமை என் மகள் மிளகாய்த்தூள் என்று நினைத்து பப்ரிக்காத் தூள் வாங்கி வந்துவிட்டாள். கோழிக்கறி நல்ல சிவப்பு, உறைப்புத்தான் இல்லை. திட்டுவதற்கு வாயெடுத்தவள் போத்தலை முகர்ந்ததும் நின்றுவிட்டேன். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு வந்த புதிதில், சென்ட் லோரன்டில் நான் முதலில் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை அந்த வாசத்தோடு எழுந்து வந்தது. பாணில் கொழுப்பைப் பூசி, மேலே இந்தத் தூளைத் தூவிச் சாப்பிடுவாள் இலோனா.

மருந்துப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிற வேலை. என் அகதி விண்ணப்பம் முடிவாகாத காலம். இலோனா கணவனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் ஹங்கேரியிலிருந்து வந்தவள், ரோமா இனத்தவள். ஊரில் அந்த இனத்தைப் பிடிக்காதவர்கள் இவர்களுடைய வீட்டுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். அவளும் முடிவுக்காகக் காத்திருந்தாள்.

கூட வேலை செய்த ஜெயா அக்கா முதல் நாளே என் காதுக்குள் சொன்னார்: "அது ஜிப்ஸி. பையைக் கவனமா வை."

நான் பையை மடிக்கு மாற்றினேன். கொழும்பில் தமிழ் ஆள் என்பதற்காகவே என் பையை எத்தனை தரம் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள், அந்த நான்தான். இலோனா பார்த்தாள். தன் பாணில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். பன்றிக்கொழுப்பு என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால், ருசியாகத்தான் இருந்தது.

அஹுன்ட்சிக் பக்கம் ஒரு நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் பழைய பிரெஞ்சு நாவல்களைக் கூடியிருந்து வாசிப்பார்கள். பிரெஞ்சு பழகலாம் என்று இருவரும் போனோம். எனக்கு அங்கே கிடைத்த பிஸ்கட்டும் ஒரு காரணம். ஆளுக்கு ஒரு பக்கம் என்பது கணக்கு. தன் முறை வந்ததும் இலோனா புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு பஸ் தரிப்பில் வைத்துக் காரணம் சொன்னாள். எங்கள் இருவரின் பிரெஞ்சும் நொண்டிப் பிரெஞ்சு. நினைவில் எனக்கு அது என் ஊர்த் தமிழாகத்தான் கேட்கிறது.

"பள்ளிக்கூடத்தில என்னை மூளை குறைஞ்ச பிள்ளையளின்ரை வகுப்பில விட்டவை. ரோமாப் பிள்ளையளுக்கு அந்த வகுப்புத்தான். படத்துக்கு நிறம் தீட்டினதுதான் படிப்பு."

"அப்ப, வாசிக்கவே தெரியாதே?"

"எழுத்துத் தெரியும். ஆக்களுக்கு முன்னால வாசிச்சதில்லை."

அப்படிச் சொன்னவள், காதால் கேட்டதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். ஒரு சனிக்கிழமை, எசமானி ஒருத்தி தன் வீட்டுச் சலவைக்காரி மீது திருட்டுப் பழி போடும் அத்தியாயம் வந்தது. சலவைக்காரி தலைகுனிந்து நிற்பாள். அந்த மௌனத்தில் எவ்வளவு கண்ணியம் என்று நூலகர் வியந்தார். இலோனா மேசையில் கையை ஊன்றினாள்.

"கண்ணியம் இல்லை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் எண்டு அவளுக்குத் தெரியும். பயத்தில நிக்கிறாள். எழுதின ஆளுக்கு அது விளங்கேல்லை."

 நூலகர் பென்சிலை எடுத்து, அவள் சொன்னதைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். இலோனா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை அவள் புத்தகத்தைத் தள்ளவில்லை. ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க இருபது நிமிடம் எடுத்தது. ஒருவரும் அசையவில்லை.

அந்தப் பனிக்காலத்திலேயே அவளுக்கு அகதி விசாரணை வந்தது. "நீயும் வாறியே? வெளியில இருந்தாலே காணும்," என்று கேட்டாள். ஷிப்ட் மாற்ற ஏலாது என்றேன். மாற்றியிருக்கலாம். அவளோடு என்னைக் கண்டால் என் வழக்குக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். பையை மடிக்கு மாற்றியதைவிட இதுதான் என்னை இன்றும் தின்கிறது.

விசாரணையில், வீடு எரிக்கப்பட்டதை அவள் சொன்னபோது, "அயலவரோடு தகராறு" என்று சுருக்கினாராம் மொழிபெயர்ப்பாளர். இலோனா அவரை நிறுத்திவிட்டு, தானே பிரெஞ்சில் பேசினாளாம்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டன். முதலில இருந்து சொல்லுறன், எழுதுங்கோ எண்டன். எழுதினவை." இதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து இருந்தாள். அப்படி அவளை நான் முன்பு கண்டதில்லை.

பனி உருகத் தொடங்கியபோது முடிவு வந்தது. அவள் சொன்ன அத்தனையும் முடிவுத் தாள்களில் இருந்தன. நம்புகிறோம் என்றும் இருந்தது. ஆனால் உங்கள் நாடே உங்களைப் பாதுகாக்கும், ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று கடைசி வரி. அந்த வரியைச் சாப்பாட்டு அறையில் இலோனா எனக்கு வாசித்துக் காட்டினாள். ஓரிடத்திலும் தடக்காமல் வாசித்தாள்.

பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரைகூட விடாமல் ஹங்கேரிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வருடம் என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நான் அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

கொஞ்சக் காலம் தொலைபேசியில் கதைத்தாள். கடைசியாகக் கதைத்தபோது, பின்னேரங்களில் தன் தெருப் பெண்கள் ஏழு பேர் வருவதாகவும், அவர்களுக்குத் தான் வாசித்துக் காட்டுவதாகவும் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்கட தெருவை நகரசபை ஆக்கள் இடிக்கப் போயினமாம். பேந்து திரும்ப எடுக்கிறன்."

எடுக்கவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. நூலகத்து வாசிப்பும் ஆளில்லாமல் நின்றுபோனது. அவளுடைய எண்ணை இப்போதும் சில வேளை அழுத்துவேன். பதிவு செய்த ஒரு பெண்குரல் ஹங்கேரிய மொழியில் ஏதோ சொல்லும். எண் பாவனையில் இல்லை என்றுதான் இருக்கும். எனக்கு அந்த மொழி தெரியாது. அது சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.