குழந்தை அளவில் ஒரு தசை

ரப்பர் தாளை உயிருள்ளதுபோல் அசைய வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. மெல்லிய தாள், இரண்டு பக்கமும் கரிப்பசை. சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் தசையைப் போல விரியும், நிறுத்தினால் சுருங்கும். அதையே இழுத்து இழுத்து விட்டால் நமக்குக் கொஞ்சம் மின்சாரம் தரும். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் அந்தத் தாள்களைச் சோதித்துப் பார்ப்பவள் நான். என் மகன் கவினுக்கு மூன்று வயது. பிரசவத்தில் நரம்பு இழுபட்டு, இடது கை தோள் வரை எழும்பாது. கைதூக்க உதவும் செயற்கைத் தசை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். பிள்ளையின் ஒரு குறையை மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

முதலில் கம்பி

சுவிட்சை அணைத்த பிறகும் தாளில் மின்சாரம் தங்கியிருக்கும். தரையோடு இணைத்த எர்த் கம்பியால் தொட்டு அதை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். எனக்கோ கரண்ட் என்றாலே நடுக்கம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கவினுக்கு யார் சட்டை மாட்டிவிடுவது? இடது கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதே அவன் அப்பாவுக்கு இன்னும் பழகவில்லை.

முதல் நாள், படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த மாதா ஜெபத்தைக் கண்ணை மூடிச் சொல்லிவிட்டு, நேராகத் தாளிடம் கையைக் கொண்டுபோனேன். கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து தினமும் எல்லை தாண்டி வரும் சூப்பர்வைசர் மஞ்சுளா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சாமி கும்புடும்மா, வேண்டாங்கல. மொதல்ல எர்த் கம்பி, அப்புறம் மாதா."

விரல் நிறையக் குங்குமம்

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். செயற்கைத் தசையாகக் கையில் போடும் கைதூக்கும் உறைக்கான தாள்கள் மாட்டியிருந்த சட்டங்களுக்கு மட்டும் நான் விரல் நிறைய வைத்தேன். சீக்கிரம் தயாராகட்டும் என்ற ஆசைதான்.

லீவு முடிந்து வந்து கரண்ட் கொடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்கள் 'பட்'டென்று பொத்துக்கொண்டன. தூசி ஒட்டிய இடத்தில் தாள் தாங்காது. ஒட்டியிருந்ததோ என் குங்குமம். இன்ஜினியர் பிரபு லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க பூஜையில எல்லாத் தாளுக்கும் ஒரே நாள்ல மோட்சம் கெடச்சிருச்சு மேடம்."

செருப்புக்குள் வெளிச்சம்

மத்திகிரியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் கௌரம்மா அக்கா, அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். செருப்புக்குள் வைக்கும் தாளைப் பற்றிச் சொன்னேன். நடக்க நடக்க மிதிபட்டு, குட்டி விளக்கு எரிகிற அளவுக்கு மின்சாரம் தரும். கவினுக்கு நடையில் குறையில்லை என்பதால் அந்தத் தாள் மேல் எனக்குப் பெரிய ஆசை கிடையாது.

அக்காவுக்கு இருந்தது. உள்ளே நடமாடிக்கொண்டிருந்த மாமியாரின் காதில் விழும்படியே சொன்னார். "எங்க அத்தை நாளெல்லாம் நடந்துக்கிட்டே என்னைத் திட்டுது. அது கால்ல ரெண்டு மாட்டிவுடு பாப்பா, தெருவுக்கே லைட்டு எரியட்டும்."

எழும்பிய கை

ஒருநாள் அந்தக் கைதூக்கும் உறை தேறிவிட்டதுபோல் இருந்தது. பெரியவர்கள் அளவு. பொம்மைக் கையில் மாட்டி கரண்ட் கொடுத்தார்கள். கை மெல்ல எழும்பி, தோளைத் தாண்டி நின்றது. 'அம்மா, தூக்கு' என்று மற்றப் பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டும். என் பிள்ளை ஒன்றைத்தான் நீட்டுவான்.

பிரபுவைத் தனியாகப் பிடித்து, இதைக் குழந்தை அளவில் செய்ய முடியுமா என்று கேட்டேன். செய்யலாம், பெரிய வேலையில்லை என்றார். பிறகு, அன்று சோதனையில் பொத்துப்போய் என் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். அவருக்குக் கவினைத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். "இது எப்படியெல்லாம் பொத்துக்கும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். உங்க பையன் கையில நீங்களே கட்டுவீங்களா மேடம்?"

இந்தத் தசை சீக்கிரம் வர வேண்டுமென்று ஓசூரிலேயே அதிகமாக வேண்டிக்கொள்கிறவளும் நான்தான், 'இன்னும் தேறவில்லை' என்று நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டு அதைத் திருப்பி அனுப்புகிறவளும் நான்தான்.