தலைவர் கானுக்குள் இறங்கினார்

போன ஞாயிறு காலை அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, ஒங்க மச்சான் மம்பட்டிய எடுத்துக்கிட்டு கானுக்குள்ள எறங்கிட்டாருடா. யாரு பேச்சையும் கேக்க மாட்டேங்கிறாரு. நீ கொஞ்சம் வந்து பாரேன்."

ஒரு மனிதர் மண்வெட்டியோடு வடிகானுக்குள் இறங்கினால், அதற்காக ஹட்டனிலிருந்து ஒரு மைத்துனன் பூண்டுலோயாவுக்கு பஸ் ஏற வேண்டுமா? வேண்டும். ஏனென்றால் என் மச்சான் ராமையா அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் தலைவர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களுக்காகத் தோட்டத்து மேலாளரான தொரையிடம் போய்ப் பேசுகிறவர். பல வருஷமாக அவருக்கு ஒரே பிடிவாதம்: பேர் போடாமல் ஒருத்தனும் அந்தக் கானைத் தொடக் கூடாது.

பேர் போடுவது என்றால் நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அன்றைய வேலைக்குச் சம்பளம் உண்டு என்று தோட்டம் ஒப்புக்கொள்வது. முன்பெல்லாம் லயத்துக்குப் பின்னால் போகும் கானைத் துப்புரவாக்கத் தோட்டமே ஆள் அனுப்பும், பேரும் போடும். பிறகு நிறுத்திவிட்டார்கள். மச்சான் போய்க் கேட்டார். திரும்பவும் கேட்டார். பார்ப்போம் என்றது ஆபீஸ். பார்த்துக்கொண்டே இருந்தது…

"அதுவரைக்கும் நாமளே வெட்டி விட்ருவமே" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு, மச்சான் சீறுவார்.

"இன்னைக்குச் சும்மா செஞ்சு குடுங்க. நாளைக்கு அது ஒங்க வேலைதான்னு நம்ம தலையில கட்டிருவாங்க."

இதில் என்ன பிழை? இன்றைக்கும் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களிடம் சும்மா வாங்கிக்கொண்ட வேலை கொஞ்சமா நஞ்சமா? அந்த வலி தெரிந்தவர்தான் அப்படிப் பேச முடியும்.

ஆனால் கான் நிரம்பிக்கொண்டே வந்தது. இந்த வருஷத்து மழையும் வந்தது.

அந்த மழையைப் பற்றி மலையகத்தில் இருப்பவர்களுக்கு நான் புதிதாக என்ன எழுதுவது? எங்கள் அக்கா வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன். மேட்டிலிருந்து வந்த தண்ணீருக்குக் கானில் வழியில்லை. லயத்துக்குள் திரும்பியது. அக்காவின் அடுப்படிச் சுவர் விழுந்தது. நல்லவேளை, அக்கா அப்போது வாசல் பக்கம் நின்றாள். அன்றிலிருந்து லயத்து ஆட்கள் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில். ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மேடு சரியும் ஆபத்தில்லை, கானைத் துப்புரவாக்கி விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தோட்டத்து ஆபீஸோ, முதலில் ரோட்டு வேலை, பிறகுதான் கான் என்றது. பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது. மண்டபத்தையும் விட வேண்டும், வீட்டுக்கும் போக முடியாது. அப்படியொரு நிலைமை.

மண்டபத்தில் தினமும் பேச்சுக் கச்சேரிதான். யாரால் இப்படி ஆனது? அரசாங்கம் என்றார்கள், தொரை என்றார்கள், காட்டை வெட்டியவன் என்றார்கள். அக்காவுக்கு மட்டும் குற்றவாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். "எல்லாம் ஒங்க மச்சானாலதான். பேரு பேருன்னு சொல்லியே செவத்த சாச்சுட்டாரு." என்னிடம் சொன்ன இதையே அவர் முகத்துக்கு நேரேயும் சொன்னாளாம். அதன் பிறகுதான் அவர் மம்பட்டியை எடுத்திருக்கிறார்.

மண் சரிந்து ஒற்றை வழியாகிப் போன ரோட்டில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மச்சான் முழங்கால் சேற்றில் நின்று மண்ணை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஏழெட்டுப் பேர் கைகட்டி வேடிக்கை. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் சிவா கொஞ்சம் குத்தலாகவே கேட்டான்.

"என்னா தலைவரே, தோட்டத்துல பேர் போட்டுட்டாங்களா?"

மச்சான் நிமிரவில்லை. "போடல. வீட்டுக்குப் போவணும்ல."

அவ்வளவுதான் சொன்னார்.  சிவா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். நானும்தான் — பேனா பிடித்த கை, அரை மணி நேரத்தில் கொப்பளித்துவிட்டது.

மண் மட்டுமா வந்தது? அரிசிச் சாக்கு, ஷொப்பிங் பேக், குழந்தைப் பிள்ளைகளின் பேம்பர்ஸ், கம்பி போன குடை. பொருள் மேலே வர வர, கரையில் வந்து கூடியவர்களின் பேச்சுக் குறைந்துகொண்டே போனது. ஒவ்வொன்றும் யார் வீட்டுடையது என்று ஒரு லயத்தில் தெரியாமலா இருக்கும்?

கடைசியில், கான் வளையும் இடத்தில் தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு நீல வாளி. அடி பிளந்த வாளி. மச்சான் அதை எடுத்துக் கரையில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. அக்காதான் கிட்டே வந்து பார்த்தாள்.

"அது நம்மூட்டுது" என்றாள்.  சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண் கூடையைத் தூக்கினாள்.

டீ குடிக்க உட்கார்ந்தபோது மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன். இனிமேல் இது உங்கள் வேலைதான் என்று தோட்டம் சொல்லிவிடாதா?

"சொல்லுவாங்க. நாளைக்கே ஆபீஸுக்குப் போயி சண்ட போடுவேன். பேர் கேட்டது தப்பில்ல தம்பி. கேட்டுட்டேன்ல, இனி அவங்க பாடுன்னு கானப் பாக்காம இருந்தேன் பாருங்க… ஒங்க அக்கா மட்டும் அன்னைக்கு அடுப்படியில நின்னுருந்தா?"

அவர் குரல் உடைந்துவிட்டது. 

இந்த வாரப் பத்திரிகைப் பத்திக்கு வேறொன்று எழுத நினைத்திருந்தேன். இந்த வருஷத்தை இப்படி ஆக்கியவர்கள் யார் யார் என்று நல்ல காரசாரமாக. அவர்களில் ஒருவரையும் இப்போதும் நான் விடுவிக்கவில்லை. அவர்கள் செய்ய வேண்டியது அப்படியே பாக்கி இருக்கிறது. ஆனால் அடுத்தவன் தன் கடமையைச் செய்யவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்லிக்கொண்டு நாம் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? தண்ணீர் நம் வீட்டுக்குத்தானே வந்தது.

நேற்று மறுபடியும் அக்காவிடமிருந்து போன். வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். சுவர் இருந்த இடத்தில் இப்போதைக்குத் தகரம். ஆபீஸில் மச்சான் போட்ட சத்தம் வெளியே கேட்டதாம். பேர் இன்னும் போடவில்லையாம்.

"இங்க மழ பேயுதுடா. தண்ணி கானோட போவுது, கேக்குதா?"

கேட்டது. மச்சான் எங்கே என்றேன். கானோரம் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்.

தொரையிடம் கேட்க வேண்டியது அடுத்த வருஷமும் ஆயிரம் இருக்கும். கேட்போம்… மம்பட்டியைக் கீழே வைக்காமல்.