‘நல்லா இருக்கேன் வாப்பா’

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். போன் நாற்காலியில். நாங்கள் தரையில்.

என் மகள் பர்ஹானா ராணுவத்தில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறாள் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக... வயது இருபது. மேலப்பாளையத்துப் பெண். போய் ஒன்பது வாரம் ஆகிறது. பயிற்சி எந்த ஊரில் என்று எழுதக்கூடாது என்பது அவள் உத்தரவு. இங்கே இருந்தவரை என் பேச்சை ஒரு காதில்கூட வாங்காதவள், இப்போது அங்கிருந்தபடியே எனக்கு ஆர்டர் போடுகிறாள்.

பயிற்சியில் சேர்ந்ததும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிறு மதியம் கையில் தருவார்கள். துணி துவைத்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, பெட்டியை அடுக்கி, எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சுவது பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். நானே எட்டு வருடம் சவூதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றவன். அதனால் தூரத்தில் இருப்பவர் போன் செய்தால் எப்படிப் பேச வேண்டும் என்று எங்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு. ஸ்பீக்கரில் போட வேண்டும். மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவராகப் பேச வேண்டும். எல்லாரும் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவரும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவரும் இல்லை.

முதலில் போனைப் பிடித்தது என் ராத்தா. என்னுடைய அக்கா. பெண்பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பியதில் இருந்து என்னோடு சரியாகப் பேசாதவள்.

“நல்லா இருக்கியாம்மா? தொழுவ நேரம் தாராங்களா?”

“தாராங்க மாமி.”

“சோறு?”

“சப்பாத்தி மாமி.”

“ரெண்டு வேளையுமா?” ராத்தா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாட்டின் பாதுகாப்பு மீது அவளுக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. “அங்கன யாரு உனக்குச் சொல்லிக் குடுக்காங்க?”

“உஸ்தாத்து இருக்காங்க மாமி.”

ராணுவத்தில் பயிற்சி தருகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ராத்தாவோ மதரஸாவில் ஓதிக் கொடுக்கிற உஸ்தாத் என்று எடுத்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. “உஸ்தாது சொல்லுதத கேட்டு நடம்மா” என்றாள். நான் திருத்தவில்லை. ஒன்பது வாரத்தில் அவள் சிரித்த ஒரே நாள்... அதையும் எதற்குக் கெடுப்பது?

பிறகு போன் ஊர்வலம் போனது. சித்தி முறையான சாச்சி, அவர் மருமகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆளுக்கொரு ‘நல்லா இருக்கியா’. ஆளுக்கொரு ‘நல்லா இருக்கேன்’. கடைசியாக என் கைக்கு வந்தபோது இரண்டு நிமிடம் பாக்கி. நான் அந்த வாரத்துக்கு என்று மூன்று ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன்.

“என்ன மேஜர், நாட்டு எல்லையெல்லாம் பத்திரமா இருக்கா?”

சிரிக்கவில்லை.

“வாப்பா, உங்ககிட்ட ஒரு விசயம்...” என்றாள். பின்னால் ஒரு விசில் சத்தம். “சரி, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன் வாப்பா.”

போன் கட்.

எல்லாரும் திருப்தியாக எழுந்து போனார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள், உஸ்தாத் வேறு இருக்கிறார். எனக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

காரணம் அந்தக் குரல். ‘நல்லா’வை வழக்கத்தைவிட அரைப்படி உயர்த்தி, ‘இருக்கேன்’னை ஒரு இழுப்பு இழுத்து, மூச்சு விடாமல் முடிப்பது. அது என் குரல். எட்டு வருடம் சவூதியிலிருந்து நான் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த குரல்.

அடுத்த ஞாயிறு வரை ஒரு வாரம் இருக்கிறதே... எப்படி ஓட்டுவது?

தினமும் அவள் நம்பருக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன். ‘நீங்கள் அழைக்கும் நபர்’ என்று சொல்லும் அந்தப் பெண்ணுக்கே என் நம்பர் மனப்பாடம் ஆகியிருக்கும்.

இங்கே நான் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையிலும் இருப்புக் கொள்ளவில்லை. அரிசி மண்டி அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டிய கண்ணாடியை அவர் சம்சாரத்துக்கும், அந்த அம்மாளுடையதை அண்ணாச்சிக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, “என்ன பாய், ஓரத்துல பூவெல்லாம் போட்டிருக்கு?” என்றார்.

“இப்ப அதான் மாடல் அண்ணாச்சி.”

இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு மண்டியில் உட்கார்ந்திருந்திருக்கிறார், பாவம்.

என்ன விஷயமாக இருக்கும்? கீழே விழுந்திருப்பாளா? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? வீட்டு ஞாபகமா? யோசித்து யோசித்து கடைசியில் எல்லா யோசனையும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றது. அனுப்பியவன் நான்.

அவள் ராணுவத்துக்குப் போகிறேன் என்று கேட்ட அன்று வீடே எதிர்த்தது. நான் மட்டும், “போகட்டுமே... நம்ம வீட்டுல ஒரு ஆளாவது காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கட்டும்” என்றேன். ராத்தா தவிர எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் விஷயம் முடிவாகிவிட்டது. பெரிய முடிவுகளையெல்லாம் ஒரு ஜோக்கில் தள்ளிவிடுவது என் பழக்கம். யோசிக்கிற வேலை மிச்சம்.

அப்புறம் விடியற்காலையில் அவள் ரோட்டில் ஓடிப் பழகுவாள். நான் துணைக்கு ஸ்கூட்டரில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு. பெரிய கோச் என்று நினைப்பு. “வாப்பா, ஒண்ணு பின்னால வாங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க. புகை அடிக்கி” என்பாள்.

வெள்ளிக்கிழமை என் மனைவி ஜுலைகா கேட்டேவிட்டாள். “ஏன் இப்படி அலையுதீங்க? புள்ளதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டால்லா?”

“அதான் பயமா இருக்கு” என்றேன்.

அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

போன ஞாயிறு. போன் வருவது இரண்டு மணிக்கு. ராத்தாவிடம் நாலு மணிக்கு என்று சொல்லிவிட்டேன். சொந்த அக்காவிடம் பொய். ஆனால் பழக்கம் உள்ளவன், சுலபமாக வந்தது. போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஜுலைகா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

“நல்லா இருக்கேன் வாப்பா. நீங்கள்லாம்?” அதே அரைப்படி. அதே இழுப்பு. “மாமி எங்க?”

“யாரும் இல்லம்மா. ஸ்பீக்கர்லயும் போடல.”

நான் இந்த வாரம் ஜோக் எதுவும் கொண்டு வரவில்லை. வாயில் வந்ததைப் பேசினேன்.

“பர்ஹா... சவூதிக்குப் போன மூணாவது மாசம் உங்கும்மாவுக்குப் போன் போட்டு, ஏசி ரூமு, தினம் கறிச்சோறு, நல்லா இருக்கேன்னு சொன்னேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். ரூம்ல ஏசி ஓடல. பெட்டியக் கட்டி வச்சிட்டு, ஊருக்கு அனுப்பிருங்கன்னு மொதலாளி முன்னால நின்னு அழுதுட்டு வந்துதான் அந்தப் போனைப் பேசினேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும்மா. அதக் கண்டுபிடிச்சவனே நான்தான்.”

பின்னால் துணி உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் அழுகை. சத்தம் வராமல் அழுகிற அழுகை. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் போல.

“ஓட்டத்துல ரெண்டு தடவ பெயில் ஆயிட்டேன் வாப்பா. ரெண்டு தடவையும் கொஞ்சத்துல போச்சி. புதன்கிழமை காலைல ஆறு மணிக்குக் கடைசித் தடவ. அதுலயும் போச்சின்னா என்னைய அடுத்த பேட்ச்சுல தள்ளிருவாங்க. கூட இருக்க புள்ளைக எல்லாம் முன்னால போயிரும். நான் மட்டும் மொதல்ல இருந்து.”

“காலு வலிக்கா?”

“காலு இல்ல வாப்பா. பயம். கோட்டுல நின்னாலே மூச்சு அடைக்கி.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்கு. வந்துரட்டா?”

என்ன சொல்வது?

என் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. ‘வரும்போது துப்பாக்கி ஒண்ணு எடுத்துட்டு வா, உன் மாமியச் சமாளிக்கணும்’ என்று. கஷ்டப்பட்டு விழுங்கினேன். அறிவுரை சொல்லலாம் என்றால் அதற்கும் யோக்கியதை வேண்டுமே. நான் சவூதியில் எட்டு வருடம் தாக்குப் பிடித்தது வைராக்கியத்தால் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது.

வா என்றால் வந்துவிடுவாள். இரு என்றால் இருப்பாள், எனக்காக. இரண்டுமே எனக்குப் பயமாக இருந்தது. நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும்போது ஜுலைகா ஈரக்கையோடு வந்து போனைப் பிடுங்கினாள்.

“ஏ புள்ள, உம்மா பேசுதேன். வரணும்னா வா. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. கேட்டா நான் பாத்துக்கிடுதேன். ஆனா புதன்கிழமை ஓடிட்டு வா.”

“தோத்துட்டன்னா உம்மா?”

“தோத்துட்டு வா. ஓடாம வராத.”

ஜுலைகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அழுது முடிச்சிட்டியா? இன்னும் நேரம் கெடக்குல்லா, அழுவணும்னா அழு. நாங்க இங்கனதான் நிக்கோம்.”

அழுதாள். மொட்டைமாடி வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. விசில் ஊதியது. “சரி, வச்சிருதேன்” என்றாள். நல்லா இருக்கேன் என்று சொல்லாமலே வைத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

நாலு மணிக்கு ராத்தா வந்தாள். கூடவே வழக்கமான படை.

“அதுக்குள்ள பேசிட்டா மைனி” என்றாள் ஜுலைகா.

“நல்லா இருக்காளா?”

நான் தலையை ஆட்டத் தயாரானேன். அதுதானே முறை. ஜுலைகா என்னைப் பார்க்காமலே சொன்னாள், “இல்ல மைனி. ஓட்டத்துல ரெண்டு தடவ பெயில் ஆயிட்டா. புதன்கிழமை திரும்ப ஓடுதா. பயந்துபோய்க் கெடக்கா.”

ராத்தா என்னைப் பார்த்தாள். ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கத்தான் செய்தது.

அவள் கேட்டது வேறு. “எத்தன மணிக்கு ஓடுதா?”

தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் நல்ல செய்தியை மட்டும் அனுப்புகிறோம். அவர்களும் பதிலுக்கு நல்ல செய்தியே அனுப்புகிறார்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பக்கமும் நினைப்பு. கடைசியில் யார் எங்கே தடுக்கி விழுந்து கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. விழுந்தது தெரியாமல் யாரைப் போய்த் தூக்குவது, சொல்லுங்கள்?

நேற்று புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு ஓட்டம். நான் ஹாலுக்கும் வாசல் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஜுலைகா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறே காலுக்கு ராத்தாவிடமிருந்து போன்.

“முடிஞ்சிருக்குமால?”

“முடிஞ்சிருக்கும் ராத்தா.”

“நான் நோன்பு வச்சிருக்கேன். அவகிட்ட சொல்லாண்டாம்” என்று வைத்துவிட்டாள்.

பர்ஹானா ஓடியிருப்பாள். அது எனக்குத் தெரியும். அவள் உம்மாவின் பேச்சைத் தட்டுகிற தைரியம் எந்த ராணுவத்துக்கும் கிடையாது. நேரத்துக்குள் கோட்டைத் தாண்டினாளா என்பதுதான் தெரியாது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத்தான் தெரியும். இன்று வியாழன். இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து போய் அவள் நம்பருக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இதற்கிடையில் ஜுலைகா என் சவூதி வாழ்க்கையை மாசம் மாசமாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் இரண்டாவது வருடத்துக்கு வந்திருக்கிறோம்.